மதி ஏறிய கேட்

காயாத ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாசனை... அதோடு கலந்த கற்பூர வாசனை. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றும் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

நண்பர்களே, அப்போது மணவாள நகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மகள் மதிக்கு ஒரு வயது முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

ஹால் வாசலைத் தாண்டினால் நேராகப் படிக்கட்டு. பதினேழு படிகள், செங்குத்தாக. வெயில் காலம் வேறு. கதவைச் சாத்தினால் உள்ளே வேகும், திறந்தால் குழந்தை படிக்கட்டை நோக்கிப் போகும்.

முதலில் ஸ்டூலைக் குறுக்கே போட்டோம். அதைத் தள்ளிக்கொண்டே படிக்கட்டு வரை போய்விட்டாள். பிறகு டிரங்குப் பெட்டியை வைத்தோம். அதில் இடித்துக்கொண்டு என் கால் கட்டை விரல் நகமே பெயர்ந்துவிட்டது.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா ஏழுமலை. காக்களூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் சொன்னேன்.

"கவலைய உடுங்க சார். பாப்பாவுக்கு சோக்கா ஒரு கேட் அடிச்சிக்கினு வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார். என் இடுப்பு உயரம். வரிசையாகக் குறுக்குக் கம்பிகள், நடுவில் ஒரு சூரியகாந்திப் பூ. பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டியது. நிலையில் கீல் அடித்து, கொக்கி வைத்து மாட்டினார். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

எங்கள் பக்கத்தில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டார்கள். என் மனைவி சரசு கேட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள்.

"எலுமிச்சம்பழம் வெக்கலியாம்மா?" என்று ஏழுமலை சிரித்தார்.

"சக்கரம் இல்லாததுக்கு இன்னாத்துக்கு அண்ணா எலுமிச்சம்பழம்?"

சிரித்துக்கொண்டே அவர் படியிறங்கினார். சரசு அடுப்படிக்குப் போனாள். நான் பரீட்சைத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். குழந்தை வந்த பிறகு வாசலுக்கு முதுகு காட்டி நான் உட்கார்ந்தது அன்றுதான். கேட் இருக்கிறதே!

இரண்டு தாள்கள்கூடத் திருத்தியிருக்க மாட்டேன்.

"ப்பா..."

அந்தக் குரல் வழக்கமாகத் தரையிலிருந்து வரும். அன்று என் தலைக்கு மேலிருந்து வந்தது.

திரும்பினேன். மேல் கம்பியில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்திருந்தாள். ஒரு கால் இந்தப் பக்கம். இன்னொரு கால் படிக்கட்டுப் பக்கம்...

கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்த ஏழுமலையும் பார்த்துவிட்டார். "சார்! பாப்பா!"

அவர் கீழிருந்து ஓடி வந்தார், நான் மேலிருந்து பாய்ந்தேன். சட்டையைத்தான் பிடித்தேன். பிறகுதான் குழந்தையைப் பிடித்தேன்.

அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய வெள்ளைச் சட்டையில் குறுக்கே நான்கு பழுப்புக் கோடுகள். எந்தெந்தக் கம்பியில் ஏறினாள் என்பதைப் பெயிண்ட் அப்படியே காட்டிக்கொடுத்தது.

சரசு கையில் கரண்டியோடு நின்றாள். "ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. இது ஏணின்னு ஒங்களுக்குத் தெரியலியா?"

உதாரணம் சொல்லியே பழகியவன் என்பதால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாங்காயைப் பார்த்தால் நமக்கு ஊறுகாய் நினைவு வரும், அணிலுக்குக் கொறிக்கிற நினைவு வரும். அதுபோல ஏழுமலையும் நானும் அந்தக் கம்பிகளில் ஜன்னலைப் பார்த்தோம். குழந்தை கால் வைக்க இடம் பார்த்தாள்.

ஏழுமலை கேட்டின் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். "என் மேலதாம்மா தப்பு. வருசம் பூரா ஜன்னல் கிரில்லே அடிச்சிக்கினு இருக்கறேன். கை அப்டியே போயிடுச்சி. பூ வேற வெச்சேன் பாரு, அதுல தோதா கால் வெச்சிக்கினுது!"

உடனே கேட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அவர் திரும்பி வரும் வரை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மத்தியானம் முழுக்க நான்தான் கேட். மதி என் மேலும் ஏறிப் பார்த்தாள்.

சாயங்காலம் வந்த கேட்டில் எல்லாம் மேலிருந்து கீழாக நெட்டுக் கம்பிகள். பூ இல்லை. கம்பிகளுக்கு நடுவே என் முஷ்டி நுழையவில்லை. படிக்கட்டுப் பக்கம் திறக்காமல் ஹால் பக்கம் மட்டும் திறப்பதுபோலக் கீலையும் மாற்றினார். மதி கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் வைக்க இடம் தேடினாள். வழுக்கியது. மறுபடி தேடினாள்... பிறகு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஏழுமலை அப்போதுதான் டீ டம்ளரை வாயில் வைத்தார்.

அந்த மதிக்கு இப்போது ஒரு பையன், பதினோரு மாதம். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தர ஆய்வு வேலை பார்க்கிறாள். வீட்டுக்குள்ளேயே மாடிப்படி. போன வாரம் போன் செய்தாள்.

"அப்பா, கேட் ஆர்டர் போடப் போறேன். சுவத்துல சும்மா முட்டுக் கொடுத்து டைட் பண்றதாம். டிரில்லே வாணாம்."

"எங்க மாட்டப் போற?"

"படிக்கு மேல."

"கீழ்ப்படிக்கு அது போதும்மா. மேல வாணாம். அவன் ஆட்டி ஆட்டிக் கழட்டிட்டான்னா கேட்டோட சேந்து உருளுவான். செவுத்துல ஸ்க்ரூ போட்டு முடுக்கறதா வாங்கு. அப்புறம், கம்பி..."

"நெட்டுக் கம்பிதான்பா! கல்யாண ஊட்லகூட எல்லார்ட்டயும் இந்தக் கதைய சொல்லிக்கினு இருந்தியே, மறந்துடுவனா?"

இப்போது வாங்குவதற்கு முன்பே நாலு வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அன்று எங்களுக்கு விஷயம் தெரியாது... ஆனால் ஒரே பாய்ச்சலில் வாசலை எட்டும் கால்கள் இருந்தன. இன்று எழுந்திருக்கவே நாற்காலிக் கையைப் பிடிக்கிறேன். இனி கேட்டைத்தான் நம்ப வேண்டும்.

நேற்று மதி ஒரு வீடியோ அனுப்பினாள். புது வெள்ளை கேட். பேரன் கம்பியைப் பிடித்து உலுக்குகிறான், காலைத் தூக்குகிறான், வழுக்குகிறான். கடைசியில் முகமெல்லாம் சிவக்க வீடு அதிர அழுகிறான்.

சத்தத்தை முழுசாக வைத்து, சரசுவையும் கூப்பிட்டு, மூன்று தடவை கேட்டோம். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.