கொட்டாங்குச்சி நிறைய முள், இரண்டு புது டயர்

உங்கள் கார் டயர் எந்த வருஷம் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

காரைப் பற்றிக் கேட்டால் மாடல், மாசம், முதல் ஓனர் பெயர் வரைக்கும் சொல்வீர்கள். டயரைப் பற்றிக் கேட்டால் "அது நல்லாத்தான இருக்கு" என்பீர்கள். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் டயர் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஜாதிதான்.

என் பெயர் சரண்யா. படித்தது மெக்கானிக்கல். கடையில் கவுன்ட்டரும் அலைன்மென்ட் மெஷினும் என் கையில். வருகிறவர்கள் முதலில் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆளு யாரும் இல்லையாம்மா?" என்பார்கள். "ஆளுதான் நிக்கிறேன், சொல்லுங்க" என்பேன். இப்போது பழகிவிட்டது, எனக்கு இல்லை, அவர்களுக்கு.

காலேஜ் ஜூனியர்கள் ஓயாமல் மெசேஜ் போடுகிறார்கள். "அக்கா, வீட்டு காருக்கு டயர் மாத்தணும், கம்மி பட்ஜெட், எது போடலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடித்தால் கட்டை விரல் தேய்ந்துவிடும். அதனால் ஒரு நாள் காலையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

1. நாலும் உட்கார்ந்துவிட்டது

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. முகூர்த்த நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஷட்டரைப் பாதி தூக்கியபோதே போன் அடித்தது.

"ஏம்மா, டயர் கடையா? நாலு வீல்லயும் காத்து இல்லம்மா. நாலும் தரையில உக்காந்துருச்சு."

ஒரே ராத்திரியில் நாலு பஞ்சரா? யாரோ வேலையைக் காட்டிவிட்டார்கள் என்று நினைத்து, "யார் கூடயும் சண்டையாண்ணே?" என்று கேட்டேன்.

"சொந்தத்துக்குள்ள சண்டை இருக்கத்தான் செய்யுது. டயர்ல கை வைக்கிற அளவுக்கு இல்ல."

பேசியவர் முருகேசன். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் ஒரு கிராமம். செல்போன் டவர்களுக்கு மெயின்டனன்ஸ் பார்க்கிற வேலை. அவருடைய தங்கச்சி மகளுக்கு அன்றைக்குக் காதுகுத்து. நரிக்குடிப் பக்கம் அவர்கள் குலசாமி கோயிலில், பத்தரைக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தால்தான் ஆசாரி கம்பியையே கையில் எடுப்பார். மாமன் இங்கே நாலு காற்றில்லாத டயரோடு நிற்கிறார்.

"வேற வண்டியில போகலாமேண்ணே" என்றேன். என்ன தெரியும் எனக்கு. போன் கை மாறியது. அவர் மனைவி ஜோதி. வாடகைக் கார் ஒன்று கூடக் கிடைக்கவில்லை, எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டது என்றார். தங்கச்சி மாமியார் வீட்டில் பெரிய கார் இருக்கிறதாம், கேட்டால் உடனே அனுப்புவார்களாம். அதுதான் பிரச்சினையே. சீர் வாங்குகிற வீட்டு வண்டியில் சீரை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால் அதைவிடக் கேவலம் இல்லை.

"எங்க வீட்டுல இதுதாம்மா மொதக் காரு. பழைய வண்டிதான், வாங்கி நாலு மாசம் ஆகுது. 'பஸ்ஸுல வந்தாக்கூடப் போதும், நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்'னு அந்த மாமியாரு அத்தை போன வாரம் சொல்லிட்டுப் போனாக. அதுக்காகவே கார்லதான் போயி எறங்கணும்."

டயர் சைஸை மட்டும் படித்துச் சொல்லச் சொன்னேன். 155/80, R13. சாதாரண சின்னக் கார்களுக்குப் போடுகிற சைஸ். எங்களிடம் எப்போதும் இருக்கும்.

கடை ஓனரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார், இலை சத்தம் கேட்டது. "வித்துட்டு வாரியோ விக்காம வாரியோ, அந்தப் பிள்ளைக்கு இன்னைக்குக் காது குத்திரணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடையில் ஒரு லோடு ஆட்டோ உண்டு. கம்ப்ரசர் அதிலேயே இருக்கும், டிராக்டர்காரர்கள் கூப்பிட்டால் வயலுக்கே போய்விடுவோம். மூன்று தினுசில் இரண்டிரண்டு டயர் ஏற்றினோம். ஃபிட்டர் செல்வம் அண்ணன் ஓட்டினார்.

2. கொறடு வச்சுப் புடுங்கினது

கார் பளபளவென்று கழுவி, பானெட்டில் சந்தனப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. கீழே மட்டும் நாலு டயரும் தோசை. பக்கத்தில் கட்டில் மேல் சீர்த் தட்டுகள் வரிசையாக.

முருகேசன் அண்ணன் பட்டு வேட்டியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நிறைய முள். அத்தனையும் சீமைக் கருவேல முள்.

"நேத்து வண்டியக் கழுவயில பார்த்தேன், டயர் பூராம் முள்ளு. காலைல ரோட்டுல நிக்கக் கூடாதுல்ல. கொறடு வச்சு எல்லாத்தையும் புடுங்கிட்டேன். ஒண்ணக்கூட விடலம்மா."

அவ்வளவு பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, வாயை மூடி, இருமுவது மாதிரி சமாளித்தேன். செல்வம் அண்ணன் சமாளிக்கவில்லை. "இம்புட்டு முள்ளு உங்க ஊரு வேலியிலயே இருக்காதேண்ணே" என்றார்.

விஷயம் இதுதான். நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் முள்ளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. செருப்பில் முள்ளா, பிடுங்கு. சைக்கிளில் முள்ளா, டியூப் வரைக்கும் போவதற்குள் பிடுங்கு. சரியான பழக்கம்தான். ஆனால் இந்தக் கார் டயர் டியூப்லெஸ். உள்ளே டியூபே கிடையாது. குத்திய முள் அந்த ஓட்டையில் தானே மூடி மாதிரி உட்கார்ந்து காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். நாலு மாதம் இவரைக் காப்பாற்றிய மூடிகளை எல்லாம், அண்ணன் விசேஷத்துக்கு முந்தின சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டிருக்கிறார்.

இதை நான் விளக்கி முடித்தபோது ஜோதி அக்கா புருஷனை ஒரு பார்வை பார்த்தார். "கழுவுற வேலைய மட்டும் பார்த்திருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். அண்ணன் கொட்டாங்குச்சியை மெதுவாகத் திருப்பி வாங்கி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

3. எது தாங்கும், எது தாங்காது

செல்வம் அண்ணன் காற்றடிக்க, நான் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். நாலு டயரிலும் நுரை பொங்கியது. இப்போது பட்ஜெட் பேச்சு. சீர் செலவு போக மிச்சம் இருப்பதை அக்கா புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். நல்ல டயராக வாங்கினால் இரண்டுதான் வரும்.

அண்ணனுக்கு ஆசை வேறு மாதிரி. "ஏதாவது கொறஞ்ச வெலையில நாலையும் மாத்திருவோம்மா. கொஞ்சம் பட்டையாப் போடு. பாடியத் தாண்டி வெளிய துருத்திக்கிட்டு நிக்கணும்."

"இவரு துருத்திக்கிட்டு நிக்கிறது பத்தாதா?" என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

பட்டை டயர் போட்டால் வளைவில் உரசும், ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் இறங்கும். கம்பெனி கொடுத்த சைஸை மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து டயர்களின் வயசைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். பின் டயர் இரண்டிலும் 1116. அதாவது 2016ஆம் வருஷம், பதினொன்றாவது வாரம். முன் டயர் இரண்டிலும் 4022. பழைய ஓனர் முன்னால் மட்டும் மாற்றியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், கிழட்டுப் பின் டயர்களில்தான் பட்டன் ஆழமாக இருந்தது. பட்டன் என்றால் தரையில் படுகிற அந்தக் கட்டம் கட்டமான ரப்பர். அண்ணன் அதைத் தடவிப் பார்த்து, "இது நல்லாருக்கே, முன்னாடி உள்ளதத் தூக்கிப் போட்ருவோம்" என்றார். எல்லாரும் செய்கிற தப்பு. நான் பக்கவாட்டை அமுக்கிக் காட்டினேன். வெயிலில் கிடந்து கிடந்து, கண்மாய் வண்டல் மாதிரி வெடித்திருந்தது. ஓடித் தேய்வதைவிட நம் ஊரில் டயர் நின்று காய்வதுதான் அதிகம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் செத்துப்போனால் பிரேக் பிடிக்காது, ஒரு நாள் ஓடும்போதே வெடிக்கும்.

முன் டயரில் பட்டன் குறைவு. ஆனால் பள்ளத்துக்குள்ளே குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும், தேய்மான அடையாளம். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு இறங்கினால் டயரை மாற்றியே ஆகவேண்டும். இதில் இன்னும் இடம் இருந்தது. ஆக, இளசு இரண்டுக்கும் ஓட்டை அடைப்போம், கிழடு இரண்டையும் மாற்றுவோம் என்றேன்.

எந்தப் புது டயர்? ஏற்றி வந்த மூன்றில் ஒன்று விலை கூடியது, சத்தமே வராது. ஒன்று நடு விலை, சாதா டிசைன், பக்கவாட்டு நல்ல கெட்டி. ஒன்று ரொம்ப மலிவு. நான் நடுவில் உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தம் வரும் என்றும் சொன்னேன்.

"எங்க ரோட்டுல சத்தம் டயர்ல இருந்து வருதா, கார்ல இருந்து வருதா, இவருகிட்ட இருந்து வருதான்னு யாருக்குத் தெரியப் போவுது" என்றார் அக்கா. பிறகு குனிந்து, நான் சொல்லிக்கொடுத்த அதே நாலு எண்ணை என்னுடைய டயர்களிலேயே படிக்க ஆரம்பித்தார். நடு விலை டயர் பிறந்து மூன்று மாதம். மலிவு டயர் இரண்டு வருஷம். "இது ஏன் இம்புட்டு நாளு விக்காமக் கெடக்கு?"

"அதனாலதான்க்கா வெலை கொறைவு" என்றேன். உண்மையைத்தான் சொல்ல முடிந்தது. மாட்டிக்கொண்டேன் இல்லையா.

அடுத்த சண்டை, புது டயரை எங்கே மாட்டுவது. முன்னால்தான் என்றார் அண்ணன். கோயில் வாசலில் கார் நுழையும்போது முன் டயர்தானே தெரியும், வீடியோக்காரன் முன்னால்தானே நிற்பான். ஊரில் எல்லாரும் முன்னால்தான் போடுவார்கள், ஸ்டியரிங் திருப்புவது முன் டயர்தானே என்று. இரண்டு காரணமும் தப்பு. முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் உங்களுக்குத் தெரியும், மெதுவாகப் போய்ச் சமாளிக்கலாம். ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். அதனால் இரண்டே புதிது என்றால் அது பின்னால். நான் இதையெல்லாம் படம் போடாத குறையாகச் சொல்லியும் அண்ணன் அசையவில்லை.

"பின்னாடி யாரு உக்காரப் போறா?" என்று கேட்டார் அக்கா.

"நீயும் சீர்த் தட்டும்."

"அப்பப் புதுசு பின்னாடி."

நான் படித்த நாலு வருஷப் படிப்பை அக்கா இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

செல்வம் அண்ணன் லீவர் போட்டுக் கழற்றி மாட்ட, நான் முன் டயர்களில் ஒவ்வொரு ஓட்டையாகப் பசைத் திரி செருகினேன். அந்தக் கொட்டாங்குச்சியை நினைத்து நினைத்துக் குத்தினேன். மறுபடி சோப்புத் தண்ணீர். நுரை வரவில்லை. சக்கரம் அதிராமல் சுற்ற பேலன்சிங் செய்யும் மெஷின் கடையில்தான் இருக்கிறது, அதனால் மெதுவாகப் போங்கள், நாளைக்குக் கடைக்கு வாருங்கள் என்றேன்.

புது டயருக்கு எலுமிச்சம்பழம் வேண்டாமா? கடையில் நாங்களே தருவோம், அவசரத்தில் மறந்துவிட்டேன். அக்கா யோசிக்காமல் சீர்த் தட்டிலிருந்து நாலு பழத்தை உருவினார். சீர்ப் பழத்தையா என்று அண்ணன் வாயைத் திறப்பதற்குள், "போயிச் சேர்ந்தாத்தான அது சீரு" என்றார். நாலு பழமும் நசுங்கின.

கிளம்பும்போது அக்கா எங்களையும் பின்னாலேயே வரச் சொன்னார், எதற்கும் கம்ப்ரசர் கூட இருக்கட்டும் என்று. "ஆனா கோயிலுக்கு முந்தின வளைவுலயே நின்னுருங்க. டயர் கடை வண்டியோட வந்து எறங்குனா இவர ஆயுசுக்கும் டயர் மாமான்னு கூப்பிடுவாக."

4. கோயில் வாசல்

வளைவில் நின்று பார்த்தோம். கார் ஹாரன் அடித்துக்கொண்டே வாசலில் போய் நின்றது. கொட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழும் சத்தம். செல்வம் அண்ணன் என்னைப் பார்த்து, "குத்தியாச்சு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் லோடு ஆட்டோவுக்குள் உட்கார்ந்து கை தட்டினோம். லூசு மாதிரிதான். அவ்வளவு சந்தோஷம்.

கிளம்பப் போனால் அக்கா போன். சாப்பிடாமல் போனால் டயருக்குக் காசு கிடையாதாம். உள்ளே போனோம். கறிச்சோறு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

கை கழுவ வெளியே வந்தபோதுதான் அந்தக் காட்சி. தங்கச்சி மாமியார் வீட்டுப் பெரிய கார் பக்கத்தில் முருகேசன் அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். "அத்தை, ஒங்க டயரு பொறந்து எட்டு வருசமாச்சு. பட்டன் இருக்கேன்னு பார்க்காதீக, சைடு பூராம் வெடிப்பு" என்று அத்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த காருக்குப் போனார். அங்கே ஒருவர் டயரிலிருந்து முள்ளைப் பிடுங்கப் போக, அவர் கையை எட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் கார் பக்கத்தில் குனிந்து நாலு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"டயர் மாமா, எங்க வண்டியையும் பாருங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். அண்ணன் "வாரேன் வாரேன்" என்று ஓடினார். ஜோதி அக்கா தலையில் அடித்துக்கொண்டார், சிரித்துக்கொண்டே.

பெரிய கார் அந்த வாரமே எங்கள் கடைக்கு வந்தது. நாலு புது டயர்.

நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கம்மி பட்ஜெட் என்றால் மலிவு டயர் என்று அர்த்தம் இல்லை. இருக்கிற நாலில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்த வண்டியில் பின்னால் யார் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். முள் இருந்தால் முள்ளோடு கடைக்கு வாருங்கள்.

என் ஸ்கூட்டியின் டியூப்லெஸ் பின் டயரில் இப்போது ஒரு கருவேல முள் இருக்கிறது. பிடுங்கவில்லை.