குங்குமச் சிவப்பு கறுத்த சனிக்கிழமை

கல்யாணப் பத்திரிகையில் கறுப்பு மை படக்கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த பிரிக்ஃபீல்ட்ஸ் டிசைன் கடையில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கம்ப்யூட்டரில் எழுத்தையெல்லாம் கறுப்பிலேயே அடித்துவிடுவோம். அச்சுக்கு நிறத்துக்கு ஒன்றாகத் தனித்தனி ஃபிலிம் எடுப்பார்கள்; எழுத்தின் ஃபிலிம் வந்ததும் அதன் ஓரத்தில் குங்குமச் சிவப்பு மையின் நம்பரை எழுதிவிட்டால் போதும், அச்சகத்தில் கறுப்புக்குப் பதில் சிவப்பைப் போட்டு அடித்துவிடுவார்கள். வெள்ளை அட்டையிலும் மஞ்சள் அட்டையிலும் எத்தனையோ பேருக்கு இப்படித்தான் அடித்துக் கொடுத்தோம். ஒரு குறையும் வந்ததில்லை.

என் தங்கையின் பத்திரிகைக்கு மட்டும் கொஞ்சம் அழகு பார்க்க ஆசைப்பட்டேன். நடுவில் பெரிய வெற்றிலை, அதற்கென்று தனியாகப் பச்சை மை. சுற்றிலும் உள்ள வாழைமரமும் குத்துவிளக்கும் அதே பச்சை. மணமக்கள் பெயர் வெற்றிலையின் மேல்.

அந்தக் கல்யாணமே இழுபறியில்தான் இருந்தது. காரணம் நான். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழப் பிடிக்காமல் கிள்ளானுக்கு, அம்மா வீட்டுக்கே, திரும்பி வந்தவள். மாப்பிள்ளை வீட்டார் கௌரவம் பார்ப்பவர்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் பெரியம்மா என் காதுபடவே, “மூத்தவ கை பட்டதெல்லாம் எங்க விளங்கப் போகுது?” என்றார். அந்த அம்மாவுக்கு இன்னொரு சாக்குக் கிடைத்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் பயம். ஞாயிறு காலை அவர்கள் வந்து பத்திரிகையை எடுத்துப்போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீ கெம்பாங்கான் அச்சகத்திலிருந்து போன் வந்தது. மெஷின் ஓட்டும் சீனப் பெரியவர்.

“மிஸ், யூ கம் லா. நாமா சுடா ஹித்தாம்.”

பெயர் கறுத்துவிட்டதாம். டாக்சி பிடித்து ஓடினேன்.

சோதனைக்கு ஓட்டிய தாள்கள் சில மேசையில் கிடந்தன. தேதி, மண்டபம், பெரியவர்கள் பெயர் எல்லாம் நல்ல சிவப்பு. வெற்றிலை மேல் இருந்த தங்கை பெயரும் மாப்பிள்ளை பெயரும் மட்டும் கருமாதிப் பத்திரிகை மாதிரி கறுத்துக் கிடந்தன.

“அங்கிள், மை அழுக்கு! கழுவுங்க!” என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். பாவம், அந்த மனுஷர் ரோலரைக் கழுவிப் புது மை போட்டார். மறுபடியும் கறுப்பு. எனக்கு மை டின் மேலேயே சந்தேகம். திறந்து விரலால் தொட்டு வெள்ளைத் தாளில் தேய்த்தேன். ரத்தச் சிவப்பு. பிறகு ஏன் கறுக்கிறது? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

கடைசியில் பச்சை ஃபிலிமை விளக்கு மேசையில் வைத்துப் பார்த்தேன். பெயர் விழும் இடத்தில் எழுத்தின் வடிவத்துக்கு இலை வெட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒரு வெட்டும் இல்லை, இலை முழுசாக இருந்தது. கம்ப்யூட்டர் கறுப்பு எழுத்தைக் கண்டால் அடியில் உள்ள நிறத்தை வெட்டாது, அதன் மேலேயே அடிக்க விட்டுவிடும். ஓவர்பிரிண்ட் என்பார்கள். நிஜக் கறுப்புக்கு அது சரி, கறுப்பு எதையும் மூடிவிடும். எங்கள் கறுப்பு பொய்க் கறுப்பு என்று அதற்கு யார் சொன்னது? பச்சை மேல் சிவப்பு ஏறினால் கறுக்காமல் என்ன செய்யும்?

கம்ப்யூட்டரில் எழுத்துக்குச் சிவப்பையே தனி நிறமாகக் கொடுத்தால் தீர்ந்தது, சின்ன வேலை. ஆனால் புது ஃபிலிம் வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் ஃபிலிம் எடுக்கும் கடைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை அரை நாள், அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ரிசீவரைப் பிடித்தபடி, அந்நிய மனுஷர் முன்னால், வெட்கமே இல்லாமல் அழுதேன்.

பெரியவர் பச்சை பிளேட்டை, அந்த ஃபிலிமிலிருந்து எடுத்த அச்சுத் தகட்டை, மெஷினிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “புவாங் போலே, தம்பா தாபோலே,” என்றார். பிளேட்டில் இருப்பதை அழிக்கலாம், இல்லாததைச் சேர்க்கத்தான் முடியாது. இலையின் நடுப்பகுதியை மருந்து போட்டு அழித்துவிட்டால் ஓரமும் காம்பும் மட்டும் பச்சையாக நிற்கும், பெயர் வெறும் அட்டையில் விழும். ஆனால் மருந்து வழிந்து ஓரத்தைத் தின்றுவிட்டால் அதோடு சரி. வேறு பிளேட் போட்டுக்கொள்ளலாம் என்றால், பிளேட் போடுகிறவரும் கிளம்பிப்போயிருந்தார்.

தமிழ் எழுத்து எதுவரை வரும் என்று உனக்குத்தானே தெரியும் என்று சொல்லி அவர் தூரிகையை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்தப் பெரியம்மா சொன்னதை அந்த நிமிஷம் நானே நம்பிவிட்டேன். என் கை வேண்டாம், நீங்களே செய்யுங்கள் என்றேன். பிளேட்டைத் தொடாமல், விரலால் எல்லையை மட்டும் காட்டினேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தூரிகையை மருந்தில் தோய்த்தார். குனிந்து அழிக்க ஆரம்பித்தார். நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மெஷின் ஓடியது. வெற்றிலையின் ஓரத்துக்குள்ளே இரண்டு பெயரும் சிவப்பாக, சுத்தமாக வந்து விழுந்தன.

மறுநாள் காலை அம்மா பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவித் தட்டில் வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“வெத்திலைக்குள்ள பேரு எவ்வளவு அழகா வந்திருக்கு! யாரு சம்பந்தி செஞ்சது?”

நான் டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். பெரியம்மாவின் பார்வை நேராக என்னிடம் வந்தது. அம்மாவும் என்னைப் பார்த்தாள், பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“சீனவங்க கடையில குடுத்தோம் சம்பந்தி. எல்லாம் அவங்களே செஞ்சது. நம்ம வீட்டு ஆளுங்க கை யாரும் வைக்கல.”

பெரியம்மா திருப்தியாக ஒரு பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா கல்யாணத்தைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. டீத் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போன நான், அவர்களுடைய கார் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.