மணலில் கொத்தாத கோழி

தோழிகளே, எனக்குப் பொறாமையே தெரியாது என்று பல்கலைக்கழக விடுதியில் சொல்வீர்களே, இன்றோடு அந்தப் பெயர் போயிற்று.

கிளிநொச்சிக் கண்காட்சிக்கு நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர் செய்த ஒரு விளையாட்டுப் பொருள்தான் போகலாம். மூன்று கிழமையாக வரைந்து, திருத்தி, இழுத்தால் கொத்துகிற மரக்கோழி ஒன்று செய்தேன். வீட்டுச் சீமெந்துத் தரையில் அருமையாகக் கொத்தியது.

இன்று பள்ளி முற்றத்து மணலில் இழுத்தேன். சக்கரம் சுழலாமல் சறுக்கியது. கோழி தலையை அசைக்கவேயில்லை.

"ரீச்சர், உங்கட கோழிக்கு இண்டைக்கு விரதமோ?" என்றார் தலைமையாசிரியர்.

பிறகு கமலா ரீச்சர் தான் தகரத்தில் செய்த தாரா வாத்தை இழுத்தார். அவர் பல்கலைக்கழகம் போனவரல்ல. சக்கரத்தின் விளிம்பைப் பல்லுப் பல்லாக வெட்டியிருந்தார். அது மணலைக் கடித்து உருள, தாரா தலையாட்டிக்கொண்டு போனது. பிள்ளைகள் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள்.

"எப்பிடி யோசிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"வயலிலை களை எடுக்கத் தள்ளுற பல்லுச் சில்லைப் பாத்துத்தான். உங்கட வீட்டையும் நிக்குமே."

அந்தக் களைச் சக்கரம் எங்கள் வீட்டிலும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் வருகிறேன்.

தாராதான் கண்காட்சிக்குப் போகிறது.

"நீங்கள் வடிவாக் கீறுவீங்கள். பக்கத்திலை வைக்க இதின்ர படத்தைக் கீறித் தாங்கோ," என்றார் கமலா ரீச்சர்.

வரைந்து கொடுத்தேன். சக்கரத்தில் ஒரு பல்லை மட்டும் வரையாமல் விட்டுவிட்டேன்.

நீங்கள் என்றால் எத்தனை பல்லை விட்டிருப்பீர்கள்? உண்மையாக எழுதுங்கள்.