எனக்குப் பேட்ஜ் குத்த வந்தவர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, மேடையில் பேசச் சொன்னால் ஓடி ஒளிகிற ஆள் நான். இதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்றுதான் எழுந்து நிற்கிறேன்.

எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் வேலை. மாலை வகுப்பில் எம்.காம். படிக்கிறேன். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை, படிப்பு முடியட்டும் என்று நான் மறுத்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. ஹாஸ்டலில் அறை நிறைய ஆட்கள்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரவர் வீட்டோடு போனில் பேசும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்தத் தனிமையை விளக்கத் தெரியவில்லை. சோறு இறங்காது, அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில், முதலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்து, பல்கலைக்கழகத்தின் சிறப்பு மாணவர் கழகத்தில் என்னைச் சேர்த்திருப்பதாகவும், உதவித்தொகையும் உண்டென்றும் சொன்னார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் அங்கே ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வீட்டிலிருந்து ஒருவர் மேடையேறி பேட்ஜ் குத்திவிட வேண்டும். யாரும் வராவிட்டால் பேராசிரியர் குத்திவிடுவாராம். அத்தனை பேர் முன்னால் ஆளில்லாதவளாக நிற்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது.

அம்மாவுக்கு போன் செய்தேன். "அப்பா விடமாட்டேங்காவ. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்று அழுதார்கள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பின்னால் முழங்கால் போட்டேன். ஜெபம் என்று பெயர், உண்மையில் சண்டைதான் போட்டேன். "ஆண்டவரே, எனக்கென்று ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும். இல்லாவிட்டால் நான் அந்த விழாவுக்குப் போகமாட்டேன்" என்று வாய்விட்டே அழுதேன்.

எங்கள் தையல் லைனில் செக்கிங் பார்க்கிறவர் பூங்கொடி அக்கா. மடத்துக்குளத்துக்காரர். அவர் கும்பிடுவது மாரியம்மனை. நான் தைத்த பீஸ்களில் குறை தெரிகிற இடமெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவர்தான். எழுந்து வந்து, விழா என்றைக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விழா நாளன்று ஷிப்மென்ட் நெருக்கடி. வேலைக்குப் போகலாம் என்று கிளம்பி வெளியே வந்தால், ஹாஸ்டல் வாசலில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அக்கா நிற்கிறார். சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி இரண்டு பேருக்கும் லீவு வாங்கிவிட்டாராம்.

"நல்ல துணி மாத்திட்டு வா கண்ணு. பஸ்சு போயிரும்" என்றார்.

மேடையில் பேட்ஜைக் குத்திவிட்டு, ஓரடி பின்னால் தள்ளிப் போய், பீஸைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். கோணலாக இருக்கிறதென்று கழற்றி மறுபடியும் குத்தினார். அடுத்த மாணவி படியில் காத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். மைக் வைத்திருந்தவர், மாணவிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்.

"இந்தப் புள்ளையும் நானும் ஒரே லைனுங்க" என்றார் அக்கா.

சிரித்துக்கொண்டிருந்த நான் அழுதுவிட்டேன்.

உதவித்தொகையால் இரண்டாம் ஆண்டுப் படிப்பு தொடர்கிறது. அப்பா இன்னும் பேசவில்லை. அந்த வலி போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். சாப்பிட உட்கார்ந்து நான் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அவர் தட்டைத் தொடமாட்டார். "நீ ஜெபம் பண்ணி முடி கண்ணு, சோறு ஆறுனாப் பரவாயில்ல" என்பார்.

அம்மாவை மனதில் வைத்துத்தான் நான் கேட்டேன். கர்த்தர் அக்காவைத் தந்தார். இந்தக் கூட்டத்திலும் யாருமில்லை என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். அவரிடம் கேளுங்கள். மனதுக்குள் முணுமுணுக்காமல் வாய்விட்டே கேளுங்கள். அது யார் காதில் விழவேண்டுமோ, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைப்பது அவர் பொறுப்பு.