துரை விசாரித்த ஐந்து அன்ரிகள்

முன்பின் தெரியாத ஒரு ஆள் உங்களுக்குத் தெரிந்த ஐந்து பேருக்குப் போன் போட்டு, "இவன் எப்படி?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் போன வருஷம் அந்த ஐந்து நம்பர்களைக் கொடுத்திருக்க மாட்டேன்.

கம்பெனி என்று பெரிதாகச் சொல்கிறேன், மொத்தம் இரண்டே பேர். நான் திருச்சிக்காரன், மெல்பர்னுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். மற்றவன் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துப் பையன், ஐந்து வயதிலிருந்து டாண்டினாங்கில் வளர்ந்தவன். அவன் வங்கி வேலையை விட்டான், நான் இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டேன். இரண்டு வீட்டிலும் ஒப்பாரி. பதினோரு மாதம் தள்ளியாயிற்று. யாராவது ஒரு முதலீட்டாளர் சரி என்றால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் ஜூனில் மூடிவிட்டு, இருவரும் பழையபடி கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐடியா மோசமில்லை, இன்றைக்கும் சொல்வேன். டாண்டினாங், நோபிள் பார்க், ஸ்பிரிங்வேல் பக்கமெல்லாம் கார் ஓட்டாத ஈழத்து வயதானவர்கள் நிறைய. அவர்களுக்குக் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு நேரமில்லை. அதே நேரத்தில் அதே ரோட்டில் பின் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு எத்தனையோ கார்கள் போகின்றன. இரண்டையும் எங்கள் ஆப் சேர்த்து வைக்கும். முதலீட்டாளர்களிடம் பேசும்போது இந்த இடத்தில் நான் இரண்டு கைகளையும் கோத்துக் காட்டுவேன். கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்தது.

நடந்தது வேறு. நண்பன் 'அன்ரி' என்று கூப்பிடும் அந்த அம்மாக்களின் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தது நான். பாஸ்வேர்டு போட்டது நான். கார் வைத்திருந்தவர்கள் இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுவிட்டார்கள். பூவும் பழமுமாக வாசலில் நிற்பவர்களை எப்படி விடுவது என்று என் ஓட்டைக் காரை எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். அதற்குப் பிறகு ஆப்பை யார் திறந்தார்கள்? "தம்பி, வெள்ளிக்கிழமை வாறியளோ?" என்று நேராக எனக்கே போன். நான் போனை வைத்துவிட்டு, அவர்கள் பெயரில் நானே ஆப்பில் புக் பண்ணிவிடுவேன். யாரையும் ஏமாற்ற அல்ல, பயணம் உண்மை, அது பதிவாகட்டுமே என்றுதான். ஒவ்வொரு மாதமும் திரையில் பயணக் கணக்கைக் காட்டும் கோடு அழகாக மேலே ஏறியது. நானே அதை ஏற்றினேன் என்பதை ஒரு கட்டத்தில் நானே மறந்துவிட்டேன்.

அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் துரை வந்தார். இங்கிலாந்துக்காரர், அறுபதை நெருங்குபவர். எங்களுக்குள் அவர் துரை. ஆபீஸ் எல்லாம் கிடையாது. செயின்ட் கில்டா கடற்கரையில் நடந்துகொண்டேதான் மீட்டிங். ஓட்டமும் நடையுமாகப் போவார், கூடவே தன் கதையையும் சொல்வார். முதல் தடவை வாயைப் பிளந்து கேட்டேன். மூன்றாம் தடவைக்குள் எந்த விளக்குக் கம்பத்தருகே எந்த வரி வரும் என்று மனப்பாடமாகிவிட்டது. இணையம் வந்த புதிதில், லண்டனில் ஒரு படுக்கையறையிலிருந்து மீன்பிடித் தூண்டில் விற்கும் தளம் ஆரம்பித்தார். நல்ல நேரத்தில் ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். இரண்டாவது, பள்ளிக்கூடங்களுக்கான ஏதோ ஒன்று. திரையில் எல்லா எண்களும் ஏறிக்கொண்டே இருந்தன, ஆனால் உள்ளே யாரும் இல்லை. எண்பது பேரை ஒரே காலையில் வேலையிலிருந்து அனுப்பினார். கதையில் இந்த இடம் வரும்போது மட்டும் நடை நிற்கும். மூன்றாவதை விற்றுவிட்டு, மகள் இருக்கும் மெல்பர்னுக்கே வந்துவிட்டார். இப்போது எங்களைப் போன்றவர்கள்மேல் பணம் போடுவதுதான் தொழில்.

"அந்த எண்பது பேருக்குப் பிறகு நான் எந்தக் கோட்டையும் நம்புவதில்லை" என்றார். "உங்கள் ஆப்பைப் பயன்படுத்தும் ஐந்து பேரின் நம்பர் கொடு. நானே பேசுவேன். நீ பக்கத்தில் இருக்கக் கூடாது."

ஆட்களைப் பொறுக்கியது நண்பனின் அம்மா. அந்த வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. சமையலறையில் நின்று வெங்காயம் உரித்தபடியே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார்.

"ஓம் அக்கா, ஒரு வெள்ளைக்காரர் கோல் எடுப்பார். எங்கட மகனோட திரியிற அந்த இந்தியாப் பெடியனைப் பற்றிக் கேப்பார். நல்ல மாதிரிச் சொல்லிவிடுங்கோ, என்ன? பெடியன்ர வாழ்க்கை அது."

நான் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, ஆகா, எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோயிருந்தேன். முட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காரில் அந்த ஐவரில் நான்கு அன்ரிகள், அதற்குமேல் கொள்ளாது. ஏறும்போதே எல்லார் முகத்திலும் ஒரு களை.

"தம்பி, அவர் எடுத்தவர்" என்றார் முன் சீட் அன்ரி. "அரை மணித்தியாலம் கதைச்சவர். நல்ல மனுசன், என்ர இங்கிலீசும் அவருக்கு விளங்கினது. நான் ஒண்டும் குறைவாச் சொல்லேல்லை."

"என்ன அன்ரி சொன்னீங்க?"

"குடிக்கிறேல்லை, சிகரட் இல்லை, சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பான், பெரியாக்களுக்கு மரியாதை தெரிஞ்ச பிள்ளை எண்டு சொன்னனான்."

பின்னாலிருந்து இன்னொருவர், "நான் தாய் தகப்பனைப் பற்றியும் சொன்னனான். நல்ல இடம் எண்டு" என்றார்.

"எங்க அப்பா அம்மாவை நீங்க பார்த்ததே இல்லையே!"

"பாக்காட்டி என்ன? வளர்ப்பில தெரியுதுதானே."

"ஆப்பைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"எது?"

"ஆப் அன்ரி. உங்க போன்ல பச்சைக் கலர்ல இருக்குமே."

"ஓ, அதுவோ. ஓம், அதையும் பற்றி ஏதோ கேட்டவர். உதெல்லாம் பெடியனே பாப்பான், நாங்கள் தொடுறேல்லை எண்டு சொல்லிவிட்டன்."

நான் மூச்சு விடுவதற்குள் ஜன்னலோரத்து அன்ரி முன்னால் குனிந்தார். "அது சரி தம்பி, பொம்பிளை என்ன படிச்சிருக்கிறா?"

"எந்தப் பொண்ணு?"

"அந்த வெள்ளைக்காரற்ற மகள். இஞ்சதானே இருக்கிறாவாம். கலியாணம் முடிச்சிட்டாவோ எண்டு கேட்டனான். இன்னும் இல்லை எண்டு மனுசன் சிரிக்கிறார். வெள்ளைக்காரி எண்டாலும் பரவாயில்லை தம்பி, கோயிலுக்கு வந்தால் காணும், அது போதும்."

காரை ஓரம் கட்டினேன். இது சம்பந்தம் பேசும் விசாரணை இல்லை, அவர் எங்கள் கம்பெனியில் பணம் போடலாமா என்று பார்ப்பதற்காகக் கேட்கிறார் என்று ஆதியிலிருந்து விளக்கினேன்.

"ரெண்டும் ஒண்டுதானே" என்றார் முன் சீட் அன்ரி. "பொம்பிளை குடுக்கிறதோ காசு குடுக்கிறதோ, ஆள் எப்படி எண்டுதானே கேக்கிறது. காரை எடுங்கோ தம்பி, பூசை தொடங்கப்போகுது."

அவர்களைக் கோயிலில் இறக்கிவிட்டு நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான், சிரித்தான், பிறகு நிறுத்தினான்.

"ஆனா மச்சான், ஒருத்தரும் குறைவாச் சொல்லேல்லைத்தானே? மற்ற அன்ரியும் நல்லாத்தான் சொல்லியிருக்கிறாவாம். ஃபைவ் அவுட் ஆஃப் ஃபைவ். அதுவே காணும்."

நானும் நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த மூன்று நாளும் ஆள் எடுப்பதற்கு யார் யாரைக் கூப்பிடலாம் என்று இருவரும் பட்டியல் போட்டோம்.

திங்கட்கிழமை துரை நடக்கவில்லை. கடலைப் பார்த்த பெஞ்சு ஒன்றில் எங்கள் இருவரோடும் உட்கார்ந்து, சின்ன நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"இருபது வருடமாக இப்படிப் போன் போட்டு விசாரிக்கிறேன். இவ்வளவு நல்ல பேச்சு யாரைப் பற்றியும் கேட்டதில்லை" என்றார். நண்பன் என் தொடையில் தட்டினான். துரை பக்கத்தைத் திருப்பினார். "ஒரு அம்மாவிடம், நாளைக்கு இது இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அழுவேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எது இல்லாமல் போனால் என்று திரும்பக் கேட்டேன். அந்தப் பையன் என்றார்."

நண்பன் என் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"ஆப்பில் யார் புக் பண்ணுகிறார்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். நண்பன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்."

"எல்லாமா?"

"முக்கால்வாசி."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. களைத்துப்போன மாதிரி நோட்டை மூடி, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "உங்கள் கம்பெனி ஒரு காரும் ஒரு பையனும். நல்ல கார், நல்ல பையன். ஆனால் ஒரு பையனை என்னால் ஆயிரம் ஊருக்கு அனுப்ப முடியாது. பணம் போட மாட்டேன்." கை கொடுத்தார். பிறகு தனியாக நடக்க ஆரம்பித்தார், வழக்கமான வேகத்தில்.

ஜூனில் மூடினோம். நண்பன் அதே வங்கிக்குத் திரும்பினான், வேறு மாடி. எனக்கு வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வாரத்துக்கு நான்கு நாள் வேலை. ஆப்பை நிறுத்திய அன்றைக்கு எங்களைத் தவிர யாருக்கும் அது தெரியவில்லை. ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. அந்த வாரமும் அன்ரிகள் கோயிலுக்குப் போனார்கள். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று இன்டர்வியூவில் கேட்டபோது, வாடிக்கையாளர் உறவு என்று ஏதோ உளறி வைத்தேன். உண்மையில் எனக்குத் தூக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு வெள்ளி. நோபிள் பார்க்கில் ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று பேர் ஏறியாயிற்று. நாலாவது அன்ரி "வாறன், வாறன்" என்று உள்ளேயிருந்து கத்தி ஆறு நிமிடமாகிறது.