ஆளை விட்டுப் போகாத வண்டி

மண்ணரை முக்கில் நிறுத்தி இரண்டு ஹாரன் அடித்ததும் பனியன் கம்பெனி டிரைவர் பெருமாள்சாமி வண்டியை விட்டு இறங்கிவிடுவார். கையில் ஒரு பிடி பனியன் வேஸ்ட் துணி இருக்கும். அதை வைத்துப் பக்கக் கண்ணாடியைத் துடைப்பார், பிறகு முன் கண்ணாடியை. அப்புறமும் யாராவது வரவேண்டியிருந்தால், துடைத்த பக்கக் கண்ணாடியையே மறுபடியும் துடைப்பார். ஓவர்லாக் தைக்கும் வேல்விழி தலையை வாரிக்கொண்டே சந்துக்குள்ளிருந்து வருவாள். தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்து ஏறுவார்கள். கடைசி ஆள் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, வண்டியின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "போலாங்க" என்பார். வண்டிக்குக் கிளீனர் கிடையாது. யாரிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "வண்டிகிட்டத்தானுங்க" என்பார்.

ஒருவரை விட்டுவிட்டு வண்டியை எடுக்க அவருக்குக் கை வராது. இதை நல்ல குணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடவும் முடியாது. ஒருத்திக்காக நின்றால் வண்டியிலுள்ள அத்தனை பேரும் கம்பெனி கேட்டில் பாட்டு வாங்க வேண்டும். வேல்விழி தினமும் முணுமுணுப்பாள். ஆனால் அவள் எழ நேரமான அன்றைக்கும் கண்ணாடி பளபளவென்றுதான் இருக்கும்.

இந்தப் பொறுமையை அதிகம் சோதிப்பவர் மூக்கம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். பாதிச் சந்து வந்ததும் வீட்டைப் பூட்டினோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். வந்த பிறகு, இழுத்துப் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று இன்னொரு சந்தேகம் வரும்.

2006 மார்கழியில், அகில இந்தியக் கல்லூரி அணிகள் மோதும் ஆண்கள் கால்பந்துப் போட்டி ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. முதலாளி வெள்ளியங்கிரி வரவேற்புக் கமிட்டியில் இருந்தார். மிசோரம் அணியை ஏற்றி இறக்கப் பெருமாள்சாமியையும் வண்டியையும் கொடுத்துவிட்டார். மண்ணரைக்குக் கம்பெனியின் இன்னொரு டிரைவர் தண்டாயுதபாணியின் வண்டி போனது. அது கடிகாரத்தைப் பார்த்து ஓடும் வண்டி. நேரமாகிவிட்டால் நிற்காது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் சும்மா கிடந்த ஒரு மண்டபத்தில் பையன்களைத் தங்க வைத்திருந்தார்கள். பெருமாள்சாமிக்கு அவர்கள் பேச்சு தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. "ஏறுங்க கண்ணு, தலை இடிக்குது பாருங்க" என்று அவர் பாட்டுக்குப் பேசினார். இரண்டு நாளில் பையன்கள் 'ஏனுங்க', 'வாங்க', 'போலாங்க' மூன்றையும் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பந்தாட்டத்தில் அவருக்கு நாட்டமில்லை. முதல் ஆட்டத்தின்போது வண்டியிலேயே கால் நீட்டிப் படுத்திருந்தார். இரண்டாவது ஆட்டத்துக்கு எட்டிப் பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை. கோல்கீப்பர் லால்ரெமா, குள்ளமான பையன், ஒரு மூலையில் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"அத்தன பேரும் அந்தப் பக்கம் ஓடிட்டாங்க. இந்தப் பையன மட்டும் உட்டுப்போட்டுப் போறது என்ன ஞாயமுங்க?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். ஆட்டமே அப்படித்தான் என்று அவர் சொன்னதை இவர் ஒப்புக்கொள்ளவில்லை. வலைக்குப் பின்னால் போய்த் துணைக்கு நின்றுகொண்டார். இடைவேளைக்குப் பிறகு லால்ரெமா எதிர்ப்பக்கக் கோலுக்குப் போனபோது, இவரும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அங்கே போனார். அதிலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் இதே கதைதான். பந்தைப் பிடித்ததும் லால்ரெமா பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். குறித்த நேரத்துக்குள் மைதானத்தில் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் ஆடாமலே தோற்றதாகிவிடும் என்று அணி மேலாளர் முந்தின நாளே கையைக் காலை ஆட்டி அவருக்குப் புரியவைத்திருந்தார். அதனால் பெருமாள்சாமி விடியுமுன்பே வண்டியைக் கழுவித் திருநீறு பூசித் தயாராக நின்றார். பையன்கள் பாடிக்கொண்டே ஏறினார்கள். தகரத்தில் இரண்டு தட்டு, போலாங்க.

அதுவரை எல்லா ஆட்டமும் சாயங்காலத்தில்தான் நடந்தது. காலை நேரத்தில் பெருமாள்சாமியின் கைகளுக்கு ஒரே வழிதான் தெரியும். வண்டி தானாக மண்ணரைப் பக்கம் திரும்பியது, முக்கில் நின்றது, இரண்டு ஹாரன் அடித்தது. ஷிப்மெண்ட் அவசரத்தால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு. தண்டாயுதபாணியின் வண்டிக்காக நின்றிருந்தவர்கள் நம்ம வண்டி வந்துவிட்டது என்று சந்தோஷமாக ஏறி, ஆட்டக்காரர்கள் நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். கையில் பனியன் வேஸ்டோடு கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் பெருமாள்சாமிக்கு உறைத்தது. அதற்குள் மூக்கம்மாள் சந்தில் பாதி தூரம் வந்து, நின்று, திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

மேலாளர் கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தெரியுதுங்க சார். தப்பு எம்மேலதான். ஆனா ஹாரன் அடிச்சுட்டனுங்களே. அந்தம்மாள உட்டுப்போட்டு எப்பிடிங்க எடுக்கறது?"

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. வேல்விழி பொறுக்காமல், "அந்தக்கா பின்னால வர்ற வண்டில வரட்டும், இல்லீன்னா ஒரு நா நடந்து வரட்டும்ணே. இந்தப் புள்ளைக ஆட்டம் போயிரும்" என்றாள். பெருமாள்சாமி சாவியில் கை வைத்தார், எடுத்தார். ஒரு பக்கம் ஊர் விட்டு ஊர் வந்த பையன்களின் கோப்பை, இன்னொரு பக்கம் பூட்டை இழுக்கப் போன ஒரு பொம்பளை. அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்.

லால்ரெமா யாரையும் கேட்கவில்லை. அத்தனை நாள் அவர் கூடவே இருந்தவனுக்குச் சங்கதி புரிந்துவிட்டது. கையுறையோடு குதித்து இறங்கிச் சந்துக்குள் ஓடினான். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த மூக்கம்மாளின் கண் முன்னாலேயே அதை மூன்று இழுப்பு இழுத்துக் காட்டினான். தூக்குப்போசியைப் பிடுங்கிக்கொண்டு, "வாங்க, வாங்க, போலாங்க" என்று அவரை ஓட்டமும் நடையுமாகக் கூட்டிவந்தான். பெருமாள்சாமி அன்றைக்கு வண்டியை ஓட்டிய வேகத்தை வேல்விழி இன்றும் நடித்துக் காட்டுவாள்.

பெயர் கொடுக்கும் மேசையை மூட்டை கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி, ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் தன் செக்கிங் செக்‌ஷனே வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்து எழுந்தே விட்டார். வழியில் நின்றார்கள், ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார் பெருமாள்சாமி. விருந்தாளிகள் முன்னால் திட்டவும் வழியில்லாமல் முதலாளி சிரித்துவிட்டார். ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துக்கொடுங்கள் என்று சொல்லி உட்கார்ந்தார்.

மிசோரம் அணிக்கு அன்றைக்குச் சத்தம் போட்டது மண்ணரைதான். நடு ஆட்டக்காரன் பந்து கேட்டு "ஏனுங்க" என்று கத்தியபோது மொத்தக் கூட்டமும் சிரித்தது, அந்தப் பந்துதான் கோலுக்குள் போனது. கடைசி நேரத்தில் எதிரணி ஓயாமல் பாய்ந்தது. வலைக்குப் பின்னால் பெருமாள்சாமி பனியன் வேஸ்டைக் கசக்கியபடி நின்றார். கண்ணை மூடிக்கொண்ட வேல்விழியிடம் மூக்கம்மாள் நிதானமாகச் சொன்னார்: "பயப்படாத. எங்க ஊட்டுப் பூட்ட இழுத்துப் பாத்த புள்ள. ஒண்ணையும் உள்ள விடமாட்டான்." அப்படியே ஆயிற்று.

மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷனில், பெட்டிக்குள் ஏறி ஒவ்வொரு பையனின் தலையையும் தொட்டுப் பார்த்தார் பெருமாள்சாமி. லால்ரெமாவின் தலையை இரண்டு முறை தொட்டார். யாரும் விட்டுப்போகவில்லை. சிக்னல் விழுந்ததும் பிளாட்பாரத்தில் இறங்கினார். பையன்கள் வாசலில் குவிந்து நின்றார்கள். பெருமாள்சாமி ரயில் பெட்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாங்க."