பேரூராட்சியான பிறகு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ஒரு காலத்தில் ஜமீனுக்குக் கீழே இருந்ததாம். பிறகு ஊராட்சி. சில வருடங்களுக்கு முன் பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்துப் பேரூராட்சி ஆக்கினார்கள். ஊரே வெடி போட்டது. முதல் தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நான் கவுன்சிலரானேன்.

பதவியேற்ற வாரமே எதிர்வீட்டு அக்கா வந்தாள். கணவன் இறந்த பிறகு நூறு நாள் வேலையை நம்பியே இருந்தவள். மலையிலிருந்து இறங்கும் ஓடையை வருடாவருடம் தூர்வாரிய பெண்களில் அவளும் ஒருத்தி. சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"ஏட்டி, டவுனாயிட்டா நூறு நாள் வேலை கெடையாதாமே. நெசமா?"

எனக்கே தெரியவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு யூனியன் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அது கிராமத்துக்கான திட்டம்மா. உங்க ஊரு இப்ப எங்க கையில இல்ல."

"அப்ப ஓடைய யாரு சார் வெட்டுவா?" என்றாள் அக்கா.

"ஓடை பொதுப்பணித் துறை. அதுக்கு மேல காடு, அது வனத்துறை."

திரும்பவும் ஊராட்சியாக்கச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லோரும் கைதூக்கினார்கள். அது சென்னைக்குப் போனது என்றார்கள். பதில் வரவே இல்லை.

அக்கா வேன் ஏறி ராஜபாளையம் மில்லுக்குக் கழிவுப் பஞ்சு பிரிக்கப் போனாள். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. "இருமலோட வராதிகன்னுட்டாக," என்று சிரித்தபடி சொன்னாள். அந்த ஐப்பசியில், தூர்வாராத ஓடை முள்ளும் மண்ணும் அடைத்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பியது. அவள் வீட்டுப் பின்சுவர் விழுந்தது. மனுக்களைத் தூக்கிக்கொண்டு மூன்று அலுவலகங்களுக்கும் அலைந்தேன். ஒவ்வோர் இடத்திலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள்.

கடைசியில் அக்கா திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

"பொறவு வருவீகள்லக்கா?"

"எதுக்கு வர? செவரு தன்னால எந்திரிச்சிருமா?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னைய சொல்லலட்டி. காட்டுன எடத்துல கையெழுத்துப் போடுதவ, நீ என்ன செய்வ?"

அவள் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ் போனதும் மன்றக் கூட்டத்துக்குப் போனேன். ஊர் நுழைவில் கட்டப்போகும் வளைவுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னையும் கேட்டார்கள். நானும் ஒரு நிறம் சொன்னேன்.